சத்தம் நின்றால்தான் பயம்

ஒன்றரை வயதுக் குழந்தை இருக்கிற வீட்டில் சத்தம் கேட்கிறவரை கவலையில்லை. பாத்திரம் உருளட்டும், கதவு அடிபடட்டும், பாட்டும் அழுகையும் மாறி மாறி வரட்டும். எல்லாம் திடீரென்று அடங்கினால்தான் அம்மாக்கள் கையிலிருந்த கரண்டியைப் போட்டுவிட்டு ஓடுகிறார்கள். போய்ப் பார்த்தால் கோதுமை மாவு டப்பா கவிழ்ந்து கிடக்கும். நடுவில் புருவம்வரை வெளுத்த ஒரு முகம், மிகுந்த அக்கறையோடு வேலை பார்த்துக்கொண்டிருக்கும். இன்னொரு வீட்டில் அது பவுடர் டின், வேறொரு வீட்டில் அண்ணனின் கணக்கு நோட்டு.

இதையெல்லாம் சேட்டை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தால், குழந்தை எவ்வளவு கருத்தாக இருக்கிறது என்பது தெரியும். பத்து மாதக் குழந்தையிடம் ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கொடுத்துப் பாருங்கள். கீழே போடும். எடுத்துக் கொடுத்தால் மறுபடி போடும். இந்த முறை கையைப் பக்கவாட்டில் நீட்டிப் போடும். அடுத்து, கட்டில் விளிம்பிலிருந்து. விழுந்த இடத்தைப் பார்க்கும், பிறகு நம் முகத்தைப் பார்க்கும். நமக்குப் பொறுமை குறையக் குறைய அதற்கு ஆர்வம் கூடும்.

சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே, தன் மகன் லோரான் இதையே செய்தபோது பக்கத்தில் இருந்து குறிப்பெடுத்தார். பத்து மாதக் குழந்தையான லோரான் ஒரு பொம்மை அன்னத்தையும் ஒரு பெட்டியையும் கையை நேராக நீட்டியும் சாய்த்து நீட்டியும் கீழே போட்டுப் போட்டுப் பார்த்தான். 1936-ல் வெளிவந்த பியாஜேயின் நூல், அவருடைய மூன்று குழந்தைகள் வீட்டில் விளையாடியதைப் பார்த்து எழுதப்பட்டது. குழந்தைகள் எப்படிச் சிந்திக்கிறார்கள் என்பது பற்றிய உலகத்தின் எண்ணத்தை மாற்றியதில் அந்தப் பொம்மை அன்னத்துக்கும் பங்குண்டு. நம் வீட்டு டம்ளரும் அதே ஆராய்ச்சிக்குத்தான் விழுகிறது. கண்ணாடி டம்ளரை எட்டாத இடத்தில் வைத்துவிட்டு, எவர்சில்வரை விழ விடலாம். கீழ் வீட்டுக்காரருக்கு மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவைத்தால் நல்லது.

சாப்பாட்டு நேரமும் இப்படித்தான். தானே சாப்பிட வேண்டும் என்று குழந்தை அடம்பிடிக்கிற நாளிலிருந்து பருப்புச்சோறு தலைமுடியில் இருக்கும், ரசம் மடியில் இருக்கும், வயிற்றுக்குள் போனது எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. புறநானூற்றின் 188-ஆம் பாட்டில் பாண்டியன் அறிவுடைநம்பி பாடியது இந்தக் காட்சியைத்தான். எத்தனை பேரோடு உட்கார்ந்து உண்ணும் செல்வம் இருந்தாலும், நெய்ச்சோற்றைத் தரையிலும் மேலிலும் அப்பிக்கொள்கிற ஒரு குழந்தை இல்லாவிட்டால் வாழ்ந்த நாளுக்குப் பொருளில்லை என்கிறான் அந்த அரசன். துடைக்கிற வேலை அவனுக்கு இருந்திருக்காது என்று என் அம்மா சொல்வார். அது நியாயமான பேச்சு. ஆனால் வழி இருக்கிறது. கீழே ஒரு பழைய விரிப்பு, மேல்சட்டை இல்லாத உடம்பு, சாப்பாடு முடிந்ததும் குளியல் என்று வரிசையை மாற்றிக்கொண்டால் பாதிக் கோபம் போய்விடும். செல்போனைக் காட்டி ஊட்டினால் தரை சுத்தமாக இருக்கும். எதைச் சாப்பிட்டோம் என்பதே குழந்தைக்குத் தெரியாமல் போகும். இரண்டு வயது நிறையும்வரை திரையே வேண்டாம், அதற்குப் பிறகு நான்கு வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்குள் என்பது உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்ன அளவு. சாப்பாட்டு வேளையை மட்டுமாவது திரையிடமிருந்து மீட்டுவிட வேண்டும் என்பது என் கட்சி.

உடைப்பதற்கும் ஒரு பருவம்

பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பிரித்தார்கள். தலை நிமிர்த்தி அசைகிற ஐந்தாம் மாதம் செங்கீரை, கைகொட்டுகிற ஒன்பதாம் மாதம் சப்பாணி என்று போகிறது கணக்கு. ஆண்பால் பிள்ளைத்தமிழின் கடைசி மூன்று பருவங்கள்தான் எனக்கு மிகவும் பிடித்தவை. சிற்றில் பருவத்தில், சிறுமிகள் மணலில் கட்டிய வீடுகளை மிதித்துக் கலைக்க ஓடி வருகிறான் பையன். வேண்டாம் என்று கெஞ்சுகிறார்கள் சிறுமிகள். சிறுபறையில் பறையைத் தட்டி ஊரைக் கூட்டுகிறான். சிறுதேரில் வண்டியை இழுத்துக்கொண்டு தெருவெல்லாம் ஓடுகிறான். 12-ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் இரண்டாம் குலோத்துங்க சோழனைக் குழந்தையாக்கிப் பாடியது தொடங்கி, முருகனையும் மீனாட்சியையும் பாடியவர்கள்வரை, பருவத்துக்குப் பத்துப் பாட்டு என்பது வழக்கம். கலைப்பதற்குப் பத்து, சத்தத்துக்குப் பத்து, ஓட்டத்துக்குப் பத்து! வளர்ப்பு நூல் எழுதுகிற யாரும் இன்றுவரை குழந்தையின் குறும்புக்கு இவ்வளவு இடம் ஒதுக்கியதில்லை.

அந்தச் சிறுதேரின் உறவுக்காரன்தான் நம் நடைவண்டி. மூன்று மரச் சக்கரம், பிடித்துக்கொள்ள ஒரு கட்டை. குழந்தை தன் காலில் நின்று, தன் எடையைத் தானே தாங்கித் தள்ள வேண்டும். இப்போது கடைகளில் நிறைந்திருக்கிற, குழந்தையை நடுவில் உட்காரவைத்துச் சுற்றிலும் சக்கரம் வைத்த வாக்கர் வேறு சாதி. அது நடை பழக உதவுவதில்லை. கால் தரையில் சரியாக ஊன்றாத வயதில் வேகத்தை மட்டும் கொடுத்து, படிக்கட்டுக்கும் அடுப்புக்கும் கொண்டுபோய் விடுகிறது. கனடா 2004-லேயே அதன் விற்பனையைத் தடை செய்தது. பிறந்தநாளுக்கு என்ன வாங்கலாம் என்று கேட்கிறவர்களுக்குத் தாராளமாக நடைவண்டியைச் சொல்லலாம்.

கோபம் ஏறுகிற இடம்

பல வீடுகளில் பார்த்துவிட்டேன். குழந்தை பாலைக் கொட்டினால் வீடே அதிர்கிறது. சுவரில் கிரயானால் கிறுக்கினால் முதுகில் ஒன்று விழுகிறது. அதே வீட்டில் சாயங்காலம் பெரியவர்கள் டி.வி. முன்னால் உட்கார்ந்து வறுத்த வேர்க்கடலை சாப்பிடுவார்கள். குழந்தை வந்து கை நீட்டும். கொஞ்சிக்கொண்டே இரண்டு கடலையைக் கையில் வைப்பார்கள். நமக்கு எவ்வளவு வேலை வைத்தது என்பதைப் பொறுத்து நம் கோபம் ஏறுகிறது. குழந்தைக்கு எவ்வளவு ஆபத்து என்பதற்கு அதில் இடமே இல்லை. சிந்திய பால் ஐந்து நிமிட வேலை. அந்தக் கடலை அப்படியில்லை.

கடைவாய்ப் பல் முளைத்து நன்றாக மெல்லத் தெரியாத குழந்தை, சிரித்துக்கொண்டோ ஓடிக்கொண்டோ கடலையைச் சாப்பிட்டால் அது உணவுக்குழாய்க்குப் பதில் மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடக்கூடும். வலப்பக்க நுரையீரலுக்குப் போகிற குழாய் சற்று அகலமாகவும் நேராகவும் இருப்பதால் பெரும்பாலும் அங்கேதான் போய் அடைக்கும். குழந்தை ஒருமுறை மூச்சுத்திணறி இருமிவிட்டு, பிறகு சாதாரணமாகவே விளையாடும். நாட்கள் கழித்து விடாத இருமலோடும் காய்ச்சலோடும் ஆஸ்பத்திரிக்கு வரும்போது, அன்றைக்குச் சாப்பிட்ட கடலை யாருக்கும் நினைவிருக்காது. திடீரென்று ஒரு திணறல் வந்து போயிருந்தால், குழந்தை தேறிவிட்டதாகத் தெரிந்தாலும் டாக்டரிடம் அதைச் சொல்லியே ஆகவேண்டும். நான்கைந்து வயதுவரை முழுக் கடலை, பொரித்த பட்டாணி, புளியங்கொட்டை, சீத்தாப்பழக் கொட்டை எதுவும் கைக்குப் போகக் கூடாது. கடலை ருசி வேண்டுமென்றால் மையாகப் பொடித்துச் சோற்றில் பிசைந்து கொடுக்கலாம்.

கண்ணெதிரே அடைத்துக்கொண்டால் என்ன செய்வது என்பதை வீட்டில் எல்லோரும், வேலைக்கு வருகிற அக்காவும்கூட, தெரிந்துவைத்திருக்க வேண்டும். குழந்தை இருமிக்கொண்டிருந்தால் இரும விடுங்கள். இருமலும் இல்லை, குரலும் இல்லை என்றால் உடனே இறங்க வேண்டும். ஒரு வயதுக்குள் என்றால் முன்கையில் குப்புறப் படுக்கவைத்து, தலை தாழ்ந்திருக்க, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து தட்டு. பிறகு மல்லாக்கத் திருப்பி நெஞ்சின் நடுவே ஐந்து அழுத்து. வெளியே வரும்வரை மாற்றி மாற்றி. ஒரு வயதைத் தாண்டிய குழந்தைக்கு, முதுகில் ஐந்து தட்டிய பின், பின்னால் மண்டியிட்டு அணைத்து, தொப்புளுக்கு மேலே வயிற்றை உள்நோக்கியும் மேல்நோக்கியும் ஐந்து முறை இழுத்து அழுத்த வேண்டும். அதற்குள் இன்னொருவர் 108-ஐ அழைத்திருக்க வேண்டும். பொருள் கண்ணுக்குத் தெரியாதபோது வாய்க்குள் விரலை விட்டுத் துழாவக் கூடாது. இன்னும் உள்ளே தள்ளிவிடும்.

கடலையைவிட எனக்குப் பயம் தருவது பட்டன் பேட்டரி. ரிமோட், விளக்கெரிகிற செருப்பு, பாட்டுப் பாடுகிற வாழ்த்து அட்டை, கார்த்திகைக்கு வாங்குகிற பேட்டரி அகல் எல்லாவற்றிலும் இருக்கிறது. குழந்தை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால், அங்கிருக்கிற ஈரத்தில் மின்சாரம் பாய்ந்து இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே திசு வெந்துபோகலாம். வலி இல்லை, அழவில்லை என்று காத்திருக்கக் கூடாது. வாழைப்பழம் கொடுத்து, மறுநாள் வெளியே போகிறதா பார்ப்போம் என்பது நாணயத்துக்கு வேண்டுமானால் சில சமயம் பொருந்தியிருக்கும். பேட்டரிக்கு நேரே எக்ஸ்ரே இருக்கிற ஆஸ்பத்திரிதான்.

பூஜை அலமாரியையும் சொல்ல வேண்டும். புது வீடுகளில் அது குழந்தையின் உயரத்திலேயே இருக்கிறது. சூடக் கட்டி கற்கண்டு மாதிரியே தெரியும், வாசனையும் இழுக்கும். விழுங்கிய சில நிமிடங்களிலேயே வலிப்பை உண்டாக்கக் கூடியது அது. துணிக்கு நடுவே போடுகிற அந்துருண்டை, அம்மாவின் இரும்புச்சத்து மாத்திரை, பழைய கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றிவைத்த பினாயில், பெயின்ட் அடித்தபோது மிஞ்சிய தின்னர்: எல்லாமே நாம் வைத்த இடத்தில்தான் இருக்கின்றன. குழந்தை எதையாவது குடித்துவிட்டால் பலர் உடனே உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைக்கிறார்கள். செய்யவே கூடாது. மண்ணெண்ணெயோ தின்னரோ குடித்த குழந்தை வாந்தி எடுத்தால் அது நுரையீரலுக்குள் போய்ப் பெருங்கேடு செய்யும். உப்பே தனியாக ஆபத்து. குடித்த பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு ஓடுவதுதான் சரி.

குளியலறை வாளி பற்றி இரண்டே வரி. இந்த வயதில் தலை கனம், உடம்பு லேசு. எட்டிப் பார்த்துத் தலைகீழாக விழுந்தால் தானாக எழ முடியாது, சத்தமும் வராது. தண்ணீர் வராத நாளுக்கென்று நிரப்பிவைக்கிற வாளிக்கும் அண்டாவுக்கும் கனமான மூடி, குளியலறைக் கதவுக்கு வெளித் தாழ்ப்பாள். சமையலறைக்கு வந்தால், சூடான சாம்பாரோ பாலோ மேலே கொட்டினால் இருபது நிமிடம் குழாய்த் தண்ணீரைச் சூட்டுக்காயத்தின் மேல் ஓடவிட வேண்டும். காப்பு, அரைஞாண் எல்லாம் வீக்கம் வருவதற்குள் கழற்றிவிட வேண்டும். பேஸ்ட், இங்க், மாவு, ஐஸ் எதுவும் வேண்டாம்.

இவ்வளவையும் படித்துப் பயந்துவிட வேண்டியதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வீட்டில் ஒருவர் தரையில் மண்டியிட்டு, குழந்தையின் கண் உயரத்தில் ஒரு சுற்று வந்தால் இதில் முக்கால்வாசி கண்ணில் பட்டுவிடும். அதை எல்லாம் மேலே ஏற்றிவிட்டால், மிச்சம் இருப்பதை நிம்மதியாகக் கொட்டவும் கிறுக்கவும் விடலாம்.

மூக்கில் பாசிமணி, உள்ளே தாழ்ப்பாள்

ஆபத்து குறைவாக இருந்தும் வீட்டையே கலக்கிவிடுகிற விபத்துகள் சில உண்டு. மூக்குக்குள் பாசிமணி, கொண்டைக்கடலை, ரப்பர் துண்டு போட்டுக்கொள்ளாத குழந்தை அபூர்வம். ஊக்காலும் சாவணத்தாலும் எடுக்கப் போனால் உள்ளேதான் போகும். இதற்கு மருத்துவர்களே சொல்லித் தருகிற ஒரு முறை இருக்கிறது. அம்மாவோ அப்பாவோ குழந்தையின் வாயோடு வாய் வைத்து, அடைபடாத மூக்குத் துளையை விரலால் மூடிக்கொண்டு, ஒரு ஊது ஊதினால் பொருள் வெளியே வந்து விழும். அமெரிக்காவின் நியூஜெர்சியில் ஒரு குடும்ப மருத்துவர் 1965-ல் இதை எழுதிவைத்தார். ‘அம்மாவின் முத்தம்’ என்றே பெயர். எல்லா நேரமும் வராது, ஆனால் பாதிக்கு மேல் வருகிறது என்பது பின்னால் பல நேர்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது தெரிந்தது. டாக்டர் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்லச் செய்தால் பயம் குறையும். மூக்கில் போனது பேட்டரி என்றால் மட்டும் இதற்கெல்லாம் நேரமில்லை, அவசர சிகிச்சைதான்.

கையைப் பிடித்து ஊஞ்சல் மாதிரி தூக்கி ஆட்டினால் குழந்தை குதூகலிக்கும். சற்று நேரத்தில் ஒரு கையைத் தொங்கவிட்டபடி அழத் தொடங்கும். முழங்கை எலும்பு இடம் விலகியிருக்கும். டாக்டர் பேச்சுக் கொடுத்தபடியே ஒரு திருப்புத் திருப்பிச் சரிசெய்துவிடுவார். தூக்குவதென்றால் அக்குளில் கை கொடுத்துத்தான் தூக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் நடந்தது தாழ்ப்பாள் சம்பவம். மதுரையில் எங்கள் வீடு மாடியில் இருக்கிறது. சின்னவன் படுக்கையறைக்குள் போய்க் கீழ்த் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டான். போடத் தெரிந்தது, எடுக்கத் தெரியவில்லை. முதலில் சிரித்தான், பிறகு தேம்பினான். நான் வெளியே கதவோடு ஒட்டி உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு அக்கா, “தங்கம், அந்தக் குச்சியை மேல தூக்கு, அப்படியே இந்தப் பக்கம் இழு, ரயிலு மாதிரி” என்று கதவிடுக்கு வழியே விடாமல் சொன்னார். ரயில் என்ற சொல் வேலை செய்தது. “கூ” என்று ஒரு சத்தம், கதவு திறந்துகொண்டது. அன்று சாயங்காலமே வீட்டிலிருந்த கீழ்த் தாழ்ப்பாள் எல்லாவற்றையும் ஆசாரி வந்து கழற்றிப் போனார்.

அம்மாச்சியும் அப்பாவும்

அப்படி ஓடி வர எதிர்வீட்டு அக்கா இருந்தார். பலருக்கு அது இல்லை. பிள்ளை வளர்ப்பில் எதையெல்லாம் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை என்று சொல்ல வீட்டில் ஒரு பெரியவர் இருப்பது பெரும் பேறு. சளிக்கும் தடுமாற்றத்துக்கும் அடத்துக்கும் என் அம்மாச்சி சொன்ன ஒரே பதில், “வளர்ற புள்ளைக்கு இதெல்லாம் இருக்கும்டி.” அந்த ஒரு வரியில் எத்தனையோ இரவு தூங்கியிருக்கிறேன்.

ஆனால் எண்ணெய் விஷயத்தில் அம்மாச்சிகளோடு மெதுவாகப் பேசித்தான் ஆகவேண்டும். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவது நல்லது, குழந்தையும் நன்றாகத் தூங்கும். மூக்கில் எண்ணெய் விடுவதுதான் தவறு. அந்த எண்ணெய் மூச்சோடு உள்ளே போய் நுரையீரலில் தங்கி அழற்சியை உண்டாக்கும். தென்னிந்தியக் குழந்தைகளுக்கு எண்ணெயால் வரும் இந்த நுரையீரல் நோயைப் பற்றி 1973-லேயே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் கட்டுரை வந்தது. அரை நூற்றாண்டு ஆகியும் சொட்டு விடுகிற பழக்கம் போகவில்லை.

அப்பாக்களைப் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தால் மனம் கனக்கிறது. 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு பலன் சட்டம் 2017-ல் திருத்தப்பட்டதிலிருந்து, அம்மாவுக்கு முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரம் விடுப்பு கிடைக்கிறது. தமிழ்நாடு அரசுப் பெண் ஊழியர்களுக்கு 2021 முதல் 12 மாதம். 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற இடத்தில் குழந்தைக் காப்பகமும் இருக்க வேண்டும். மத்திய அரசில் வேலை பார்க்கிற அப்பாவுக்கு 15 நாள் உண்டு. தனியார் நிறுவனத்தில் இருக்கிற அப்பாவுக்கு இத்தனை நாள் என்று சொல்ல ஒரு சட்டமும் இல்லை. கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போகிற அம்மாக்களுக்கு 26 வாரமும் எட்டாத தூரம். அவர்களுக்கு இருப்பது அங்கன்வாடி. தமிழ்நாட்டில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மையங்களில் சத்துமாவும் பாட்டும் தூக்கமும் கொடுத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற பெண்களின் உழைப்பை யாரும் போதுமான அளவு பேசுவதில்லை. பிள்ளை வளர்ப்பு ஒரு வீட்டுக்குள் ஒரு பெண் மட்டும் செய்து முடிக்கிற வேலையே இல்லை.

பேச்சு வந்த பிறகு

இரண்டு வயதை ஒட்டிப் பேச்சு வருகிறபோது, அதுவரை பட்ட பாட்டுக்கெல்லாம் சேர்த்துக் கிடைக்கத் தொடங்குகிறது. மம்மம், தோத்தோ, உவ்வா என்று தனித்தனியாக இருந்தவை ஒருநாள் சேர்ந்து நிற்கும்: “தோத்தோக்கு உவ்வா.” தெருநாய் நொண்டுவதைப் பால்கனியிலிருந்து பார்த்துவிட்டு வந்து சொல்கிற முதல் செய்தி அது. நான் என்று சொல்ல வராது. “பாப்பாக்கு வேணும்”, “பாப்பா தூங்கியாச்சு” என்று தன்னையே இன்னொரு ஆளாகச் சொல்லும். வாழைப்பழம் வாயப்பயமாகவே பல மாதம் ஓடும். போனில் தாத்தா “சாப்டியா?” என்று கேட்டால் தலையை மட்டும் ஆட்டும், தாத்தாவுக்குத் தெரியும் என்ற நம்பிக்கையில். ஒளிந்து விளையாடும்போது சன்னல் திரைக்குள் முகத்தை மட்டும் நுழைத்துக்கொள்ளும். உடம்பு முழுக்க வெளியே தெரியும். நாமும் கட்டிலடியில், கதவுக்குப் பின்னால் என்று தேடத்தான் வேண்டும்.

மூன்று வயதில் கேள்விகள் ஆரம்பமாகின்றன. பதில் சொல்லச் சொல்ல அடுத்தது வரும். களைப்பாக இருக்கும், உண்மைதான். ஆனால் இந்தக் கேள்விகளுக்கு உட்கார்ந்து பதில் சொன்ன வீட்டுக் குழந்தை பேசுகிற பேச்சே வேறாக இருக்கிறது என்பதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். கதையில் ஒரு வரியை விட்டுவிட்டால் கண்டுபிடித்துவிடுவார்கள். காக்கா வடையை மரத்தில் உட்கார்ந்து தின்றது என்றால், எந்த மரம் என்று சொல்லியாக வேண்டும்.

எங்கள் மகள் அந்தக் கதையை என் அம்மாவிடம் ராத்திரிதோறும் கேட்பாள். காக்கா வடையைத் தூக்கும், நரி பாடச் சொல்லும், வடை விழும். ஒருநாள் நரி ஓடிப்போன பிறகும் தூங்காமல் கேட்டாள்: “அம்மாச்சி, வடை சுட்ட பாட்டிக்கு யாரு காசு குடுப்பா?” என் அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “நாளைக்குக் கேட்டுச் சொல்றேன் கண்ணு” என்றார். மறுநாள் ராத்திரி கதை மாறிவிட்டது. காக்கா முதலில் பாட்டியிடம் ஐந்து ரூபாய் கொடுத்துவிட்டு, சட்னியும் வாங்கிக்கொண்டுதான் மரத்துக்குப் பறந்தது.